வீடு தேடி வரும் செவிலியர்

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் தாமானிலோ குணமாகாத நோயோடு படுத்திருப்பவரைத் தேடிச் செவிலியர் வீட்டுக்கே போகிறார். 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைக் கட்டணமின்றிச் செய்கிறது.

ஊசி போடுவதோடு வேலை முடியாது. வலியை அளவிட வேண்டும், மார்பின் மருந்தை எப்படிக் கொடுப்பதென்று மகளுக்குக் கற்றுத்தர வேண்டும், "அப்பாகிட்ட சொல்லலாமா, மிஸ்ஸி?" என்ற கேள்விக்கும் முகங்கொடுக்க வேண்டும். நன்றி சொல்ல நோயாளி இருக்கமாட்டார். இத்தொழிலில் முன்னேறப் பயிற்சியே வழி. செராஸில் இயங்கும் ஹோஸ்பிஸ் மலேசியா வெளி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தருகிறது.

மலேசியாவில் இந்த நோய்தணிப்பு மருத்துவம் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது 2005இல்தான். தாமதம்தான்! லண்டனில் 1967இலேயே இத்தகைய நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகத் தொடங்கி 1957இல் மருத்துவரானவர்.