படித்த மைந்தரின் புதுத்தொழிலும் சட்டத்தின் உதவியும்

சிவகிரியிலும் அண்டையிலுள்ள புளியங்குடி வட்டாரத்திலும் எலுமிச்சை பயிரிடும் விவசாயிகள் அநேகர். காய் மிகுந்து வருங் காலத்தில் விலை இறங்குவதையும், பறித்த காய் நெடுநாள் தாங்காமையால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட நேர்வதையும் அவர்கள் நன்கு அறிவார்கள். கல்லூரியிற் பயிலும் மைந்தர் சிலர் அக்காயை ஊறுகாயாகவும் பானமாகவும் செய்து விற்க விரும்புகின்றனர். இவ்விருப்பம் மெச்சத்தக்கதே. ஆயினும், "இதற்காக நஞ்சையை ஈடு வைக்க வேண்டுமா?" என்பதே தகப்பன்மார் முதலிற் கேட்கும் கேள்வி. முறைப்படி நடந்தால் சிறு தொழிலுக்கு அது வேண்டுவதில்லை என்பதை ஈண்டு விளக்குவோம்.

புதுத்தொழிலுக்குச் சட்டம் துணை நிற்றல் புதிதன்று. சென்னை இராஜதானியில் 1922 ஆம் ஆண்டிலேயே கைத்தொழில்களுக்கு அரசாங்க உதவியளிக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இக்காலத்தில் முக்கியமானது 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டமாகும். கவனிக்க வேண்டியவை பின்வருவன:

1. வயதும் படிப்பும்: 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் உடன்படிக்கை செல்லாது. மாணவர் படிப்பைச் சிறிது காலம் நிறுத்தித் தொழில் நடத்திய பின் மீண்டும் சேரலாம் என்று மத்திய சர்க்கார் 2019 இல் கல்லூரிகளுக்கு ஒரு நெறி வகுத்தது. இது சட்டமன்று, ஆகையால் கல்லூரித் தலைவரின் அனுமதியை எழுத்து மூலம் பெறுக.

2. பதிவு: 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 'உத்யம்' பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தரகரிடம் ஏமாறற்க. உண்ணும் பொருளாதலின், 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியும் பதிவோ உரிமமோ பெறுதல் அவசியம்.

3. கடன்: சிறு தொழில்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை கொடுக்குங் கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்கலாகாது என 2010 இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஈடும் ஜாமீனும் இன்றிக் கொடுக்கும் கடனுக்கு வங்கிக்குப் பொறுப்பு நிற்க 2000 ஆம் ஆண்டிலேயே ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டுள்ளது. எனினும் ஈடில்லாக் கடனும் கடனே. தவணை தவறினால் மைந்தனுக்குப் பின்னர்க் கடன் கிடைத்தல் அரிது.

4. பாக்கி வசூல்: சரக்கை வாங்கியவர் 45 நாட்களுக்கு மேல் தவணை கூறலாகாது. எழுத்து உடன்படிக்கை இல்லையேல் 15 நாட்களே. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். அதற்கென அமைந்த குழுவினிடம் முறையிடலாம். ஆனால் காயை வாங்கி விற்கும் வியாபாரிக்கு இப்பாதுகாப்பு இல்லை; அதனை ஊறுகாயாக்கி விற்பவனுக்கே உண்டு. சரக்கு அனுப்பும் முன்னரே பதிவை முடித்துக்கொள்வது நலம்.

5. கூட்டு முயற்சி: விளைவிப்போர் பத்துப் பேர் கூடினால் உற்பத்தியாளர் கம்பெனி அமைக்கலாம். 2002 இல் செய்த சட்டத் திருத்தம் இதற்கு வழி தந்தது. பங்கு எத்துணையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கே.

சட்டம் வழியைத் திறக்குமேயன்றிச் சரக்கை விற்றுத் தராது. ஆகவே முதல் வருஷத்தில் சொந்தத் தோட்டத்துக் காயில் ஒரு பகுதியை மட்டும் கொண்டு தொடங்குக. வரவு செலவைத் தனிப் புத்தகத்தில் எழுதி வருக. குடும்பக் கணக்கோடு கலக்கற்க. அடுத்த வருஷம் தொழிலைப் பெருக்குவதா நிறுத்துவதா என்பதை அப்புத்தகமே சொல்லும்.

கிராம அதிகாரிகள், இளைஞர் கேட்கும் சான்றுகளைத் தாமதமின்றி வழங்கி உதவுவார்களாக. பருவம் தப்பிக் கிடைக்கும் சான்று, பருவம் தப்பிய விதைப்பை ஒக்கும். தகப்பன்மாரும் மைந்தனைத் தடுக்காமல், நிலத்தைப் பணயம் வையாமல், மேற்கூறிய முறைப்படி அவன் முயற்சிக்குத் துணை நிற்கும்படி கேட்டுக் கொள்ளப்படுகிறார்கள்.