மண்வெட்டி படாத நகரம்

புதைபொருள் ஆராய்ச்சியாளர் ஒரு பழைய நகரத்தைத் தோண்டி அறிந்துகொள்ளும்போதே, அதன் மண்ணடுக்குகளை இனி ஒருவரும் காண இயலாதபடி கலைத்தும் விடுகிறார். ஆகையால், தோண்டாமலே அறியும் மார்க்கம் ஒன்று வாய்த்தால் அது பெரும் பாக்கியமே. நிலத்தை ஊடுருவும் ரேடார் அத்தகைய மார்க்கம்.

தரையை ஒட்டி இழுத்துச் செல்லப்படும் ஆன்டெனாவிலிருந்து புறப்படும் ரேடியோ அலை, மண்ணுக்குள் இறங்கி, கற்சுவர், தளம், வெற்றிடம் எனப் பொருளின் தன்மை மாறும் இடந்தோறும் ஒரு பகுதி பிரதிபலித்து மீள்கிறது. அது சென்று மீண்ட காலத்தைக் கொண்டு ஆழத்தை நிர்ணயிக்கிறார்கள். ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கிலே ஆகாயத்தில் 30 சென்டிமீட்டர் பாயும் அலை, சாதாரண மண்ணில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான் செல்லும் என்றால், அளவையின் சூக்ஷ்மம் விளங்கும். ஈரக் களிமண்ணோ அலையின் சக்தியை விழுங்கிவிடும். அங்கே இச்சாதனத்தால் அதிகப் பயனில்லை.

ரோமாபுரிக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், கி.மு. 241-ஆம் ஆண்டில் ரோமானியர் தாம் வென்ற ஃபலேரி மக்களுக்கென அமைத்த ஃபலேரி நோவி என்ற நகரம், பழைய மதிலைத் தவிரப் பெரும்பாலும் வயல்களின் அடியில் மறைந்து கிடக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தையும் பெல்ஜியத்திலுள்ள கெண்ட் (Ghent) பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த அறிஞர்கள், மதிலுக்குட்பட்ட 30.5 ஹெக்டேரையும், சிறு மோட்டார் வண்டியின் பின்னே ரேடாரைப் பூட்டி, 12.5 சென்டிமீட்டருக்கு ஓர் அளவீடாக ஆராய்ந்து, முடிவுகளை 2020-இல் வெளியிட்டனர். கோயில், அங்காடி, ஸ்நான மண்டபம், அதுகாறும் எவரும் அறியாத தூண்வரிசை சூழ்ந்த ஒரு பெருங்கட்டடம் ஆகிய யாவும் ஆழம் ஆழமாகப் படங்களில் தெரிந்தன. அவற்றினும் எனக்கு மிகுந்த ஆச்சரியம் தந்தவை நீர்க்குழாய்களே: தெருக்களை ஒட்டி மட்டும் செல்லாமல் கட்டடத் தொகுதிகளின் அடியிலும் அவை ஓடுவதனால், சுவர் எழும்புமுன்பே நீர் வழங்கும் ஏற்பாட்டைத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்க இடமிருக்கிறது. சாதாரணமாய் ஒரு மூலையைத் தோண்டுகிறவருக்கு இத்தகைய முழுமையான காட்சி கிட்டுவது அரிது.

ஆயினும் யந்திரம் தருவன எதிரொலிகளே. இது சுவர், இது தூணின் அடிப்பீடம் என்று பகுத்துணர்வது மனிதர். ஒரு ஹெக்டேரின் விவரங்களைப் பதிவு செய்வதற்கே சுமார் 20 மணி நேரம் தேவைப்பட்டது. எந்தச் சுவர் எந்த நூற்றாண்டினது என்பதையும் ரேடார் தானாகச் சொல்லாது. அதற்குச் சில இடங்களில் மண்வெட்டி இறங்கத்தான் வேண்டும். எனினும், எங்கே இறக்குவது, எங்கே தொடாமல் விடுவது என்பதை இனி முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம்.