கும்ஜுங் பாடசாலையும் பிறநாட்டுத் தொண்டரும்

இமயமலையின் தென்சரிவிலே, எவரெஸ்ட்டுச் சிகரத்துக்கு அணித்தாக, ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரத்தில் அமைந்த சிற்றூர் கும்ஜுங். அது நேபாள நாட்டின் சொலுகும்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு வாழ்வோர் சேர்ப்பர் என்னும் இனத்தார், திபெத்திய மொழிக்கு உறவான ஒரு மொழியைப் பேசுவோர், புத்த சமயத்தினர். உருளைக்கிழங்கு பயிரிடுதலும், கவரிமாக்களை மேய்த்தலும், நங்பா லா என்னும் கணவாய் வழியே திபெத்தோடு வாணிகஞ் செய்தலும் நெடுங்காலமாக அவர்தம் தொழில்களாக இருந்தன. இவ்வூரில் 1961 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு பாடசாலை திறக்கப்பெற்றது. நியூசிலாந்திலிருந்து வந்த மலையேறுவோரும் அவர்தம் தோழரும் அதனை எழுப்ப முன்னின்றனர்.

பிறநாட்டார் ஒரு நாட்டுப்புறத்துக்குச் சென்று, சில கிழமைகளோ சில மாதங்களோ தங்கிப் பாடசாலைப் பணி செய்து மீளுதல் இந்நாளிற் பெருவழக்காயுள்ளது. அவர்கள் எழுப்பிய சுவர்களுட் பல, அவர்கள் போனபின் ஆட்டுக் கொட்டிலாய் முடிதலும் உண்டு. கும்ஜுங் பாடசாலையோ அறுபதாண்டு கடந்தும் நடைபெறுகின்றது. அது நிலைபெற்றமைக்குக் காரணம் யாது? அது அம்மக்களுக்குக் கொடுத்தது யாது? அவர்களிடமிருந்து கவர்ந்தது யாது? இவ்வினாக்களே இங்கு ஆராயப்படுவன.

நேபாளத்தை 1846 முதல் 1951 வரை ஆண்ட இராணாக்கள் பொதுமக்கள் கல்வியை ஊக்கினாரல்லர். அவர்தம் ஆட்சி வீழ்ந்த காலத்தில் அந்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. தலைநகராகிய காத்மண்டுவிலிருந்து கும்புப் பகுதிக்குச் செல்ல இரு கிழமைக்கு மேலாக நடக்கவேண்டியிருந்தது. ஆதலின் அரசின் கல்வி அங்கு எட்டவில்லை. மடங்களிற் சேர்ந்த ஆண்பிள்ளைகள் சமய நூல்களை ஓதுதற்பொருட்டுத் திபெத்திய எழுத்தைக் கற்றனர். ஏனையோர் கணக்கை மனத்திலும் வழக்கை வாய்ச்சொல்லிலும் வைத்து வாழ்ந்தனர். திபெத்து வாணிகம் செழித்திருந்தவரை இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. ஆயின் 1959 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் திபெத்தில் நேர்ந்த மாறுதல்களால் அவ்வாணிகம் நலிந்தது. வடக்கு வாயில் அடைபட்டமையால் சேர்ப்பர் தெற்கே காத்மண்டுவையும், மலையேற வரும் அந்நியரையும் நோக்கவேண்டியவராயினர். அவ்வுலகிற் புகுவோர்க்கு எழுத்து இன்றியமையாததாயிற்று. பாடசாலை வேண்டும் என்ற எண்ணம் அவ்வூரில் எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

1953 மே 29 ஆம் நாள் தென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்ட்டு முடியை அடைந்த சேர் எட்மண்ட் ஹிலறி, 1960 இல் ஆராய்ச்சிக் குழுவொன்றுடன் மீண்டும் கும்புவுக்கு வந்தார். உயர்ந்த மலையிலே மனித உடல் எவ்வாறு இயங்குகின்றது என்று அறிதல் அக்குழுவின் முதன்மையான நோக்கம். பனிமனிதன் எனப்படும் 'எற்றி' உண்மையில் உண்டோ என்று தேடுதலும் அதன் வேலைகளுள் ஒன்று. கும்ஜுங் மடத்திற் போற்றப்பட்டு வந்த எற்றியின் தலைத்தோல் ஊர் முதியவர் ஒருவருடன் சிக்காகோ, பாரிசு, இலண்டன் ஆகிய நகரங்களுக்குப் பயணஞ்செய்து திரும்பியது. அது மலையாட்டின் இனத்தைச் சேர்ந்ததொரு விலங்கின் தோலால் ஆயது என்று அறிஞர் கூறிவிட்டனர். எற்றி அகப்படவில்லை, பாடசாலை அகப்பட்டது எனலாம்.

இவ்வூர் மக்களுக்குத் தாம் செய்யக்கூடியது யாது என்று ஹிலறி ஒருநாள் பனியாற்றின்மீது நெருப்பைச் சூழ்ந்திருந்த வேளையிற் கேட்டார். ஊர்கியன் என்னும் சேர்ப்பர், தம் பிள்ளைகள் கண்ணிருந்தும் காணாதவராயிருக்கின்றனர் என்னும் கருத்துப்படப் பேசிப் பாடசாலையொன்றை வேண்டினார். இச்செய்தி பலராலும் உருக்கமாக எடுத்துரைக்கப்படுவது. உருக்கத்தினும் மேலாக அதில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கேட்டவர் தொண்டர், விடைகூறியவர் ஊரவர். ஊருக்கு வேண்டியது இன்னதென முன்னரே முடிவுசெய்துகொண்டு எவரும் அங்கு செல்லவில்லை. பிற்காலத்தும் இவ்வழக்கமே தொடர்ந்தது. ஏனை ஊர்கள் விண்ணப்பஞ்செய்தன. நிலத்தையும் உடலுழைப்பையும் அவ்வூர்களே தந்தன. தான் சுமந்த கல்லால் ஆகிய பாடசாலையை ஊர் எளிதிற் கைவிடாது அன்றோ?

முதற் கட்டடம் அலுமினியத் தகடுகளால் ஆயது. இந்தியாவிலுள்ள அலுமினியக் கொம்பனியொன்று அதனை நன்கொடையாக அளித்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சிறு விமானம் அதன் பகுதிகளை மிங்போ என்னுமிடத்திற் கொண்டுவந்து இறக்கியது. அங்கிருந்து சேர்ப்பர் முதுகிற் சுமந்து ஊர் சேர்த்தனர். தெங்போச்சே மடத்துத் தலைமை இலாமா வந்து சமயச் சடங்குகளோடு அதனை வாழ்த்தினார். மடமும் பள்ளியும் பகையாகாமற் போனமைக்கு அவ்வாழ்த்துப் பெரிதும் துணைபுரிந்திருத்தல் வேண்டும்.

இனி ஆசிரியரைப் பற்றிக் கூறுவாம். கட்டடம் எழுப்பியோரின் பெயர் உலகெங்கும் பரவியது. வகுப்பில் நின்றவரின் பெயரை அறிந்தார் சிலரே. தெம் டோர்ஜி என்பவர் அவர். சேர்ப்ப இனத்தவர், பிழைப்புத்தேடிச் சேர்ப்பர் பலர் குடியேறிய டார்ஜிலிங்கிலிருந்து வந்தவர். சேர்ப்ப மொழியோடு நேபாளி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றையும் அறிந்திருந்தார். அரிவரி தொடங்கும் பிள்ளை, தன் தாய்மொழியிலே தன் ஐயத்தைக் கேட்கவும், கேட்டதற்கு அம்மொழியிலேயே விடைபெறவும் அவரால் இயன்றது. அவருக்குப் பதிலாக ஆங்கிலமே அறிந்த தொண்டர் ஒருவர் அங்கு நின்றிருப்பின், பாடத்தில் பாதி மொழிபெயர்ப்பிற் கழிந்திருக்கும். மழைக்காலம் முடியுமுன் அவர் நாடு திரும்பியுமிருப்பார். அடுத்துவரும் தொண்டர் மறுபடியும் முதற்பாடத்திலே தொடங்குவார். கற்பித்தலில் ஓரளவேனும் பழகியவர்க்கு இதன் கேடு விளங்கும். ஹிலறியும் தோழரும் பெரும்பாலும் தச்சராகவும் கட்டுவோராகவும் பணம் திரட்டுவோராகவும் நின்று, கற்பித்தலை அம்மக்களின் மொழி பேசும் ஒருவரிடம் ஒப்படைத்தனர். அவர்கள் செய்தவற்றுள் இதுவே மிகச் சிறந்தது.

கும்ஜுங்கைக் கண்ட ஏனை ஊர்களும் பள்ளி வேண்டின. 1963 இல் பங்போச்சேயிலும் தாமேயிலும் பாடசாலைகள் எழுந்தன. பின்னர் வேறு பல ஊர்களிலும் எழுந்தன. இப்பணிகளை நடாத்த இமாலய நம்பிக்கை நிதியம் அமைந்தது. கும்ஜுங்கை அடுத்த குண்டே என்னும் ஊரில் 1966 இல் மருத்துவமனை கட்டப்பெற்றது.

கட்டடப் பொருள்களை நாட்கணக்காகச் சுமப்பதன் தொல்லையைக் குறைத்தற்பொருட்டு, 1964 இல் லுக்லா என்னுமிடத்தில் உழவரிடம் நிலம் வாங்கி விமானம் இறங்கும் தரையொன்றை அமைத்தனர். உழுத மண்ணை இறுக்குதற்கு இயந்திரம் இல்லை. ஹிலறி சேர்ப்பருக்கு உள்ளூர் மதுவை வழங்கி, கால்களால் நிலத்தை அடித்து ஆடும் அவர்தம் நடனத்தை அத்தரைமீது ஆடச்செய்தார். தரை இறுகியது. ஆயின் அத்தரை வழியே வந்தவை பள்ளிக்குரிய தகடுகளும் மருந்துகளும் மாத்திரமல்ல. 2019 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஆண்டொன்றுக்கு 50,000 க்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் அப்பகுதிக்குச் சென்றனர். அவருட் பெரும்பாலார் லுக்லாவில் இறங்கியோரே. ஜேம்ஸ் பிஷர் என்னும் அமெரிக்கர், சமாதானப் படைத் தொண்டராக 1962 இல் நேபாளத்துக்கு வந்த முதற் குழுவைச் சேர்ந்தவர். 1964 இல் ஹிலறியின் குழுவிற் சேர்ந்து பள்ளிகளும் விமானத்தரையும் அமைவதற்கு உழைத்தவர். பின்னர் மானிடவியலாளராக அங்கு மீண்டு சென்று, தாம் உடனிருந்து செய்த வேலையின் விளைவுகளைத் தாமே ஆராய்ந்து 1990 இல் நூலாக வெளியிட்டார். பள்ளிக்குத் துணையாக அமைத்த தரை, பள்ளியினும் விரைவாக அச்சமூகத்தை மாற்றியமையை அவர் மறைத்தாரல்லர். தம் பணியின் பயனை மெச்சி அறிக்கை எழுதும் தொண்டர் பலர்; இருபதாண்டு கழித்துச் சென்று பார்த்து எழுதுவோர் மிகச் சிலர்.

உல்லாசப் பயணத்தால் வந்த செல்வத்திற் பங்குகொள்ளவும், அதன் கேட்டைத் தடுக்கவும் சேர்ப்பருக்கு ஆற்றல் தந்தது கல்வியே. விறகுக்காகக் காடுகள் அழியத்தொடங்கியமையால் 1976 இல் சகர்மாதா தேசிய வனம் நிறுவப்பெற்றது. தொடக்கத்தில் நியூசிலாந்தர் அதன் நிருவாகத்துக்கு உதவினர். பின்னர் கும்ஜுங் பள்ளியிற் பயின்று நியூசிலாந்திற் பயிற்சிபெற்ற மிங்மா நோர்பு அதன் காப்பாளரானார். அப்பள்ளி மாணவருள் ஒருவர் விமானியானார். இன்னொருவராகிய காமி தெம்பா குண்டே மருத்துவமனையில் உதவியாளராயிருந்து, பீஜித் தீவிலே மருத்துவம் பயின்று, அம்மருத்துவமனைக்கே பொறுப்பு மருத்துவரானார். அதுவரை அங்கு பிறநாட்டுத் தொண்டர்களே மருத்துவராக இருந்து வந்தனர்.

நட்டத்தையும் கூறாதொழிதல் முறையன்று. 1971 இல் நேபாள அரசு புதிய கல்வித் திட்டத்தைக் கொணர்ந்து, பள்ளிகளைத் தன்கீழ்க் கொண்டு, நாடெங்கும் நேபாளி மொழியிலே ஒரே பாடத்திட்டத்தை நடாத்தியது. அரசு பொறுப்பேற்றமையால் ஆசிரியர் சம்பளத்துக்கு உறுதி பிறந்தது. ஆயின் சேர்ப்பப் பிள்ளை பள்ளியிற் கற்றது தேவநாகரி எழுத்தும் நேபாள மன்னர் வரலாறும். தன் பாட்டன் ஓதிய திபெத்திய எழுத்து மடத்தின் சுவருக்குள் ஒடுங்கியது. இக்குறை தொண்டரால் மட்டும் நேர்ந்ததன்று. எனினும் பள்ளியைத் தொடங்கியோர் தாய்மொழிப் பாடத்துக்கு முதலிலிருந்தே உறுதியான இடம் வகுத்திருப்பின் இழப்புச் சிறிது குறைந்திருக்கும். தெம் டோர்ஜியைத் தேடியெடுத்த அறிவு, பாடநூல் வகையில் அத்துணைத் தொழிற்படவில்லை.

ஹிலறியின் ஈடுபாடு ஒரு பருவத்தோடு முடியவில்லை. 1975 மார்ச் 31 ஆம் நாள், பாப்லுவில் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த அவரிடம் வருதற்காகக் காத்மண்டுவிலிருந்து புறப்பட்ட அவர் மனைவியும் இளைய மகளும் விமான விபத்தில் இறந்தனர். அம்மருத்துவமனை கட்டிமுடிக்கப்பெற்றது. 2008 இல் இறக்கும்வரை அவர் கும்பு மக்களோடு தொடர்பு நீங்காதிருந்தார். 2015 ஏப்ரல், மே மாதங்களில் நிகழ்ந்த நிலநடுக்கங்களாற் கும்ஜுங்கின் வகுப்பறைகளும் சேதமுற்றன. அவை திருத்தியும் புதுக்கியும் அமைக்கப்பெற்றன.

இன்று அப்பள்ளியை எதிர்நோக்குவது வேறொரு தொல்லை. வசதி படைத்த சேர்ப்பக் குடும்பத்தினர் தம் மக்களைக் காத்மண்டுவிலுள்ள விடுதிப் பாடசாலைகளுக்கு அனுப்புகின்றனர். முன்னொரு காலத்தில் நாம்சே பசாரிலிருந்து பிள்ளைகள் நாடோறும் முந்நூறு மீற்றருக்கு மேல் மலையேறி இப்பள்ளிக்கு வந்தனர். இந்நாளில் மேற்கும்புவின் பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்துவருகின்றது. அங்கு பயில்வோருட் பலர், சுமைதூக்கவும் விடுதிகளில் வேலைசெய்யவும் தாழ்ந்த மலைப்பகுதிகளிலிருந்து வந்த இராய், தமாங்கு முதலிய இனத்தாரின் பிள்ளைகளாவர். அப்பிள்ளைகளின் வீட்டுமொழி சேர்ப்ப மொழியுமன்று, நேபாளியுமன்று.