வீட்டுப் பூனையும் வயல் பறவைகளும்

உழவன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியதும் எலி அவன் வீட்டைத் தேடி வந்தது. எலியைத் தொடர்ந்து பூனையும் வந்தது. மேற்கு ஆசியாவில் பயிர்த்தொழில் முதன்முதலாகச் செழித்த பகுதிகளில்தான் பூனை மனிதனோடு வாழப் பழகியது என்பது ஆராய்ச்சியாளர் முடிவாகும். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனின் அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்தது என்ற செய்தி 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. குதிரையும் பத்தாயத்தையும் காத்து நின்ற இத்துணைப் பழைய நண்பனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

ஆயினும், காலையில் வாசல் தெளிக்க வரும் தாய்மார்கள் சிலவேளை திண்ணையோரத்தில் இறகுகள் சிதறிக் கிடப்பதைக் காண்கின்றனர். பூனையின் இயல்பு அது என்று கூட்டித் தள்ளிவிட்டு மறந்துவிடுகின்றனர். அவ்விறகுகள் பெரும்பாலும் நம் வயலிலும் தோட்டத்திலும் கூலியின்றி உழைத்து வந்த ஒரு பறவையுடையவை என்பதைச் சற்றே சிந்தித்தல் வேண்டும்.

பறவைகள் ஆற்றும் பணி

இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான், வயலில் நாட்டிய கழியின்மீது அமர்ந்து வெட்டுக்கிளிகளையும் அந்துப்பூச்சிகளையும் பிடித்து உண்கிறது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சென்று வேலியடியிலுள்ள சருகுகளைப் புரட்டிப் பூச்சிகளைத் தேடுகின்றன. கொண்டலாத்தி தன் நீண்ட அலகினால் மண்ணைக் குத்திப் புழுக்களை எடுக்கிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழுபூச்சிகளையே ஊட்டுகின்றன.

இவற்றை இழந்தால் நேரும் தீங்கைச் சீன நாடு கண்டது. 1958-ஆம் ஆண்டில் அங்குச் சிட்டுக்குருவிகளைத் தானியம் தின்னும் பகைகளாகக் கருதி நாடெங்கும் கொல்லத் தொடங்கினர். பின்னர் பயிர்களில் பூச்சிகள் பெருகின. 1960-ஆம் ஆண்டில் ஒழிக்க வேண்டிய உயிர்களின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கினர்.

பூனையால் நேரும் இழப்பும் சிறிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளியில் திரியும் பூனைகள் ஆண்டொன்றுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்லக்கூடும் என 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பகுதி உரிமையாளரற்ற பூனைகளால் நேர்வது என்பதும் அதில் கூறப்பட்டது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-ஆம் ஆண்டில் கலங்கரை விளக்கம் இயங்கத் தொடங்கியது. அங்குச் சென்று சேர்ந்த பூனைகளுக்கு இரையாகி, பறக்க இயலாத சிறு குருவியினம் ஒன்று சில ஆண்டுகளுக்குள் அத்தீவிலிருந்து அறவே மறைந்தது. வேறெங்கும் அவ்வினம் எஞ்சவில்லை.

பசியும் வேட்டையும்

பூனையைப் பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்று நம் கிராமங்களில் பலர் கருதுகின்றனர். இது தவறு. பூனையின் வேட்டைக் குணம் பசியை மட்டும் பொறுத்ததன்று. வயிறு நிறைந்த பூனையும் துடிக்கும் சிறகைக் கண்டால் பதுங்கும், பாயும். பசித்த பூனையோ இரை தேடி வீட்டைவிட்டு நெடுந்தூரம் செல்லும். வீட்டிலுள்ள எலியைவிட வேலியிலுள்ள குஞ்சுப் பறவை அதற்கு எளிதாக அகப்படும். பெருச்சாளியைப் போன்ற பெரிய எலிகளை எதிர்க்கப் பல பூனைகள் துணிவதில்லை.

பறவைகளுக்குப் பேராபத்தான காலம், குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவரும் நாட்களாகும். பல ஊர்ப் பறவைகள் மாசி, பங்குனி தொடங்கி ஆடி மாதம் வரை குஞ்சு பொரிக்கின்றன. நன்கு பறக்கத் தெரியாத இளங்குஞ்சுகள் சில நாட்கள் தரையிலும் தாழ்ந்த புதர்களிலும் தத்தித் திரிகின்றன. பூனையின் வாயிலிருந்து தப்பிய பறவையும் பல சமயங்களில் பிழைப்பதில்லை. பூனையின் எச்சிலிலுள்ள கிருமிகள் காயத்தின் வழியே புகுந்து அதனைக் கொன்றுவிடுகின்றன.

இடமும் நேரமும்

இனிச் செய்யத்தக்கது யாது? பூனை எலியையும் பிடிக்க வேண்டும். பறவையையும் விட்டுவைக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே கைகூட ஓர் எளிய வழி உண்டு. எலி இரவில் நடமாடுவது. வயற்பறவைகள் பகலில் நடமாடுபவை. பூனை மிகுந்த ஊக்கத்துடன் வேட்டையாடுவது வைகறையிலும் அந்தி வேளையிலுமாகும். விடியற்காலையில்தான் பறவைகள் தரையிலிறங்கி ஆவலுடன் இரை தேடுகின்றன. ஆகவே பொழுது சாயுமுன் பூனையை வீட்டிற்குள் அழைத்து, தானியம் வைத்துள்ள அறையிலேனும் வீட்டின் உட்பகுதியிலேனும் அடைத்துவிட வேண்டும். மறுநாள் வெயில் நன்கு ஏறிய பின்னரே வெளியில் விட வேண்டும். இதனால் எலி உலவும் நேரத்தில் எலி உலவும் இடத்திலேயே பூனை இருக்கும். பறவைகள் இரை தேடும் நேரத்தில் வேலியோரத்தில் இராது.

இரவில் அடைக்கும் அறையில் குடிநீரும், மலசலத்திற்காக மணல் நிரப்பிய பழைய தட்டு ஒன்றும் வைத்தல் அவசியம். மணலை நாள்தோறும் அப்புறப்படுத்த வேண்டும். பூனையின் மலத்தால் நோய் பரவக்கூடுமாதலால் தானியத்தை மூடியே வைத்திருத்தல் வேண்டும். கருவுற்ற பெண்கள் அத்தட்டைத் துப்புரவு செய்யலாகாது. அவ்வறையில் எலி மருந்து வைப்பதும் கூடாது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும், எலியே உணவாகக் கொண்ட கூகையும் மடிய நேரும்.

உணவும் விளையாட்டும்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 219 வீடுகளைச் சேர்ந்த 355 பூனைகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவுகள் 2021-ஆம் ஆண்டில் வெளிவந்தன. தானியம் கலவாத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவைப் பெற்ற பூனைகள் வீட்டிற்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. உரிமையாளர் நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டிய பூனைகளிடத்தில் இது 25 சதவீதம் குறைந்தது.

நம் வீடுகளில் பூனைக்குப் பெரும்பாலும் கிடைப்பது பால்சோறும் தயிர்சோறுமே. பூனை இயல்பில் ஊனுண்ணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள சில சத்துக்கள் கிட்டாவிடில் அதன் கண்ணும் இதயமும் கெடும். எனவே சமையலில் ஒதுக்கப்படும் மீன், இறைச்சித் துண்டுகளை உப்பும் காரமும் சேராமல் வேகவைத்து நாள்தோறும் கொடுத்தல் நன்று. மாலையில் ஒரு குச்சியின் நுனியில் துணிக்கிழியைக் கட்டி ஆட்டிக் காட்டினால் பூனை அதன்மீது பாய்ந்து தன் வேட்டை ஆசையைத் தணித்துக்கொள்ளும். இவ்வேலையை வீட்டுக் குழந்தைகள் மகிழ்ச்சியுடன் ஏற்பர்.

மணியா, துணியா?

பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது பழைய கேள்வி. மணி கட்டினால் பயனுண்டா என்பது அடுத்த கேள்வி. சில ஆராய்ச்சிகள் மணியால் ஓரளவு நன்மை உண்டென்றன. மேற்சொன்ன 2021-ஆம் ஆண்டு ஆராய்ச்சியிலோ குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. ஆனால் பளிச்சிடும் பல வண்ணத் துணியாலான கழுத்துப்பட்டை அணிந்த பூனைகள் கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. பறவைகளுக்கு நிறங்களைக் காணும் ஆற்றல் மிகுதி. ஆதலால் பதுங்கி வரும் பூனையை அவை தொலைவிலேயே கண்டுகொள்கின்றன. எலி முதலியவற்றைப் பிடிப்பதில் அப்பட்டையால் குறை நேரவில்லை.

இதனை நம் பெண்மணிகள் வீட்டிலேயே தைக்கலாம். சிவப்பும் மஞ்சளும் கலந்த துண்டுத் துணியை இரண்டு விரற்கடை அகலத்தில் சுருக்கம் வைத்துத் தைத்தால் போதும். பட்டையின் இரு முனைகளையும் மெல்லிய நூலால் மட்டுமே இணைக்க வேண்டும். முள்ளிலோ கிளையிலோ சிக்கினால் நூல் அறுந்து பூனை தப்பிவிடும். அறாத கயிற்றால் கட்டினால் பூனையின் உயிருக்கே கேடாகும்.

கூடுகளைக் காத்தல்

கூடுள்ள மரத்தின் அடிப்பகுதியில், ஆளுயரத்தில், இரண்டடி அகலமுள்ள தகரத்தைச் சுற்றி வைத்தால் பூனை வழுக்கி ஏற இயலாது. தகரம் கிடைக்காவிடில் முட்கிளைகளைச் சுற்றிக் கட்டலாம். பறவைகளுக்கு நீர் வைக்கும் சட்டியைப் புதரோரத்தில் வைக்காமல், திறந்த வெளியில் உயர்ந்த கல்லின்மீதோ தூணின்மீதோ வைக்க வேண்டும். சிட்டுக்குருவிகளுக்குப் பெட்டி கட்டுவோர், மதிலிலிருந்தோ ஓட்டிலிருந்தோ பூனை எட்டாத இடமாகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பெருக்கத்தைத் தடுத்தல்

பெண் பூனை ஐந்தாறு மாதங்களிலேயே கருத்தரிக்கக்கூடும். கருவைச் சுமக்கும் காலம் சுமார் 65 நாட்களே. ஆண்டிற்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனுகிறது. இத்தனை குட்டிகளை வளர்க்க இயலாதவர்கள் அவற்றைச் சாக்கில் கட்டிச் சந்தையருகிலோ ஆற்றங்கரையிலோ விட்டுவருகின்றனர். குட்டிகளுள் பல பசியால் மடிகின்றன. பிழைத்தவை காட்டிலும் மேட்டிலும் வேட்டையாடியே வாழ்கின்றன. ஒரு வீட்டின் தொல்லை இவ்வாறு ஊரின் தொல்லையாகிறது. குட்டிகளை விடுவதற்குப் பதிலாக, கால்நடை மருத்துவரை அணுகிப் பூனைக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்வித்தல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியையும் அப்போதே போட்டுவிடலாம். பூனைகளை நஞ்சிட்டும் அடித்தும் கொல்வது கொடுமை. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டு முதலே அத்தகைய கொடுமையைக் குற்றமாகக் கருதுகிறது.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. மாலையில் கதவைச் சாத்துவதும், ஒரு துண்டுத் துணியைத் தைப்பதும் எல்லாராலும் ஆவன. வாசகர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். இம்மாதம் முழுதும் வாசலிலும் கொல்லையிலும் இறகு கிடந்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் பூனையை இரவில் உள்ளே வைத்து, அதேபோல் குறியுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை தானே விளங்கும். பள்ளிச் சிறுவர்கள் இக்கணக்கை எழுதி வந்து வகுப்பில் படித்தால் பெற்றோரும் அறிந்து பயனடைவர். களஞ்சியத்தில் பூனையும், வயலில் கரிச்சானும் தத்தம் காவலைச் செவ்வனே செய்யுமாயின் உழவனின் விளைவு பெருகும்.