இலவசம் என்ற பெயரில் கமிஷன்

வளைகுடாவிலிருந்து மாஹிமுக்கு வரும் பணத்தில் வங்கிகள் பிடிக்கும் தொகையைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. மிக மலிவாகத் தெரியும் வழிதான் அவற்றில் மோசமானது.

மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி. மேற்கே நடந்தால் மக்தூம் அலி மாஹிமி தர்கா. இரண்டுக்கும் நடுவே திருநெல்வேலித் தமிழும் உருதும் மலையாளமும் ஒரே சந்தில் கேட்கும். மாதத்தின் முதல் வாரத்தில் இங்குள்ள பல வீடுகளில் துபாயிலோ தோஹாவிலோ தம்மாமிலோ இருந்து வரவேண்டிய பணத்துக்காகக் காத்திருப்பார்கள். அனுப்பியவர் தொலைபேசியில் சொன்ன தொகைக்கும் பாஸ்புக்கில் ஏறிய தொகைக்கும் சில நூறு ரூபாய் வித்தியாசம் இருக்கும். அது எங்கே போயிற்று என்பதற்குக் கவுன்டரில் தெளிவான பதில் கிடைப்பது அபூர்வம். அந்த எரிச்சலான நேரம் பார்த்துத்தான், கமிஷனே இல்லாமல் பணம் தருவதாக ஓர் ஆள் வந்து நிற்பார்.

இதைச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2023-24இல் வெளிநாட்டு இந்தியர்கள் தாயகத்துக்கு அனுப்பிய பணம் 11,870 கோடி டாலர் என்கிறது ரிசர்வ் வங்கி. அந்த வங்கியின் ஆய்வுப்படி இதில் அதிகப் பங்கு பெறும் மாநிலம் கேரளம் அல்ல, மகாராஷ்டிரம். அதன் பங்கு 20.5 சதவீதம்; தமிழ்நாட்டுக்கு 10.4 சதவீதம். உலக அளவில் 200 டாலர் அனுப்ப ஆகும் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கு மேல் என்று உலக வங்கி கணக்கிடுகிறது. 2030க்குள் இதை 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. இந்தியாவுக்கு அனுப்ப இதைவிடக் குறைவாகவே ஆகும் என்றாலும், கட்டடத் தொழிலாளியின் சம்பளத்தில் இரண்டு சதவீதமும் பெரிய தொகைதான்.

பிடித்தம் எங்கே நடக்கிறது? வங்கிக்கு வங்கி அனுப்பும்போது உண்மையில் கடல் தாண்டுவது பணம் அல்ல, ஒரு செய்திதான். பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்விஃப்ட் என்ற அமைப்பின் வழியே அது வருகிறது. அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் நுழைகின்றன. ஒவ்வொன்றும் தன் கூலியை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுகிறது. அனுப்பும்போது நிரப்பும் படிவத்திலேயே, செலவு முழுவதும் அனுப்புகிறவருக்கா, பெறுகிறவருக்கா, இருவரும் பகிர்ந்துகொள்வதா என்று ஒரு கட்டம் உண்டு. பலர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். மாஹிமில் தொகை குறைந்து வருவதற்கு அந்தக் கட்டமும் ஒரு காரணம்.

வளைகுடாவின் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ்கள் இந்தச் சுற்றைக் குறுக்குகின்றன. இவை இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. அங்கே திர்ஹமை வாங்கிக்கொண்டு இங்குள்ள கணக்கிலிருந்து ரூபாயாகவே பட்டுவாடா செய்கிறார்கள். இடையில் வங்கிகள் குறைவு, கூலியும் குறைவு.

ஆனால் ரசீதில் அச்சாகும் கமிஷன் செலவில் ஒரு பகுதிதான். மற்றது நாணய மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் 2,020 திர்ஹம். ஒரு கடை 20 திர்ஹம் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதிக்கு 23.90 விகிதம் தருகிறது. வீட்டுக்கு வருவது 47,800 ரூபாய். பக்கத்துக் கடையில் கமிஷன் இல்லை, விகிதம் 23.50. அங்கே கொடுத்தால் வருவது 47,470 ரூபாய். இலவசம் என்று சொன்ன கடைதான் 330 ரூபாய் கூடுதலாகப் பறித்திருக்கிறது. ஆகவே கமிஷன் எவ்வளவு என்று கேட்பதில் பயன் இல்லை. இன்றைக்கு இவ்வளவு திர்ஹம் கொடுத்தால் மாஹிம் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்று மூன்று இடங்களில் கேட்பதே சரி.

இனி, கமிஷனே வேண்டாம் என்று வந்த ஆள். தமிழில் உண்டியல், மும்பையில் ஹவாலா. துபாயில் திர்ஹமைக் கொடுத்ததும் இங்கே ஒருவர் ரூபாயைக் கொண்டுவந்து தருவார். அடையாளத்துக்கு ஒரு ரூபாய் நோட்டின் எண் போதும். அங்கே சேரும் திர்ஹம் இந்தியாவுக்கு வருவதே இல்லை. முன்பு அதில் தங்கம் வாங்கிக் கடத்தி வந்து, விற்ற பணத்தை இங்கே பட்டுவாடா செய்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்த ஹாஜி மஸ்தான் போன்றவர்கள் பம்பாயில் பெயரெடுத்தது இந்தத் தங்கக் காலத்தில்தான்.

அந்தக் காலத்தில் உண்டியல் கூடுதல் விலையும் கொடுத்தது. அரசு நிர்ணயித்த டாலர் விலை குறைவாக இருந்ததே காரணம். 1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியது. 1992இல் வெளிநாட்டிலிருந்து வருவோர் வரி கட்டி 5 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்றானது. 1993 மார்ச்சில் ரூபாயின் விலை சந்தையிடம் விடப்பட்டது. உண்டியலின் லாபம் சுருங்கியது. விலை இடைவெளி திரும்பினால் உண்டியலும் திரும்பும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2021-22இல் டாலர் விலையை அரசு செயற்கையாகப் பிடித்துவைத்தபோது, அதிகாரபூர்வ வழியில் வந்த பணம் 2020இல் இருந்த 710 கோடி டாலரிலிருந்து 2022இல் 379 கோடியாகச் சரிந்தது.

அதே 1993 மார்ச் மாதத்தை மாஹிம் வேறொன்றுக்காக நினைவு வைத்திருக்கிறது. 12ஆம் தேதி 257 பேரைப் பலிகொண்ட தொடர் தாக்குதலில் மாஹிம் மீனவர் குடியிருப்பும் தப்பவில்லை. வெடிபொருள் வந்து இறங்கியது ராய்கட் மாவட்டக் கடற்கரையில், கடத்தல்காரர்களின் படகுகளில். உண்டியலில் பணம் அனுப்பிய தொழிலாளிகளுக்கு அந்தச் சதியோடு சம்பந்தம் இல்லை. ஆனால் கணக்கில் வராத பாதையில் அடுத்து என்ன வரும் என்று அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தெரியவே தெரியாது.

சட்டமும் சும்மா விடுவதில்லை. 2000 ஜூன் முதல் அமலில் இருக்கும் ஃபெமா சட்டப்படி, அனுமதி பெற்றவர் மூலமாக அல்லாமல் வெளிநாட்டுப் பணம் பெறுவது குற்றமீறல். தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். இடையில் ஆள் ஓடிவிட்டாலோ, புகார் கொடுக்கக்கூட வழியில்லை.

நேரான வழியிலேயே மிச்சம் பிடிக்க முடியும். கமிஷன் பெரும்பாலும் தடவைக்கு இவ்வளவு என்று இருப்பதால், 500 திர்ஹமாக நான்கு முறை அனுப்புவதைவிட 2,000 திர்ஹமாக ஒரே முறை அனுப்புவது நல்லது. தடவைக்கு 20 திர்ஹம் என்றால் மிச்சம் 60 திர்ஹம், அதாவது 1,440 ரூபாய். சிங்கப்பூரிலிருந்து அனுப்புவோருக்கு 2023 பிப்ரவரி 21இல் யு.பி.ஐ.யும் பேநவ்வும் இணைக்கப்பட்டன. ஒரு நாளைக்கு 1,000 சிங்கப்பூர் டாலர், ஏறக்குறைய 60,000 ரூபாய் வரை, கைபேசியிலிருந்தே வந்துவிடுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலேயே இதில் சேர்ந்தவை. இங்கும் விகிதத்தைப் பார்த்தே அனுப்ப வேண்டும்.

கணக்கு இல்லாதவர்கள் உரிமம் பெற்ற பணப் பரிமாற்ற முகவரிடம் ரொக்கமாக வாங்கலாம். தடவைக்கு உச்சவரம்பு 2,500 டாலர். ஒருவர் ஆண்டுக்கு 30 முறை பெறலாம். ரொக்கம் 50,000 ரூபாய் வரை. அந்நிய நாணயத்தை இங்குள்ள வங்கி ரூபாயாக மாற்றினால் ஜி.எஸ்.டி. உண்டு, குறைந்தது 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். இதை யாராலும் தவிர்க்க முடியாது. பயப்படும் அளவுக்குப் பெரிதும் அல்ல.

வங்கி வழியே வந்த பணத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. கணவனோ மகனோ குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்குப் பெறுகிறவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் யார் அனுப்பியது என்று கேட்டால் காட்ட ஆவணம் வேண்டும். தாராவியின் பத்துக்குப் பத்து அறையிலிருந்து வெளியேற வீட்டுக் கடன் கேட்டுப் போகும் குடும்பத்திடம் வங்கி முதலில் கேட்பதும் வரவுக் கணக்கைத்தான். மாதம் தவறாமல் பணம் ஏறிய பாஸ்புக் அங்கே பேசும். நோட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டை மேனேஜர் மேஜையில் வைக்க முடியாது.