கரை யாருடையது? பழையாற்றங்கரையில் பிள்ளைகளோடு சைக்கிள்

பழையாறு சுருளகோட்டுப் பக்கம் தொடங்கி, பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் என நாஞ்சில் நாட்டு வயல்களின் ஊடாக ஓடி, மணக்குடியில் கடல் சேர்கிறது. நாகர்கோவில் குடும்பங்கள் பிள்ளைகளோடு சைக்கிள் மிதிக்க இதன் கீழ்ப்பகுதி தோதானது. ஒழுகினசேரியில் புறப்பட்டுச் சுசீந்திரம் போய், அங்கிருந்து தேரூர்க் குளத்தை எட்டுவது ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கும். சமவெளி என்பதால் விலையுயர்ந்த கியர் சைக்கிள் வேண்டியதில்லை. பள்ளியில் தரும் விலையில்லா சைக்கிளே போதும், பிரேக் பிடித்தால்.

வழியில் பார்க்க நிறைய உண்டு. ஒழுகினசேரியில் சோழராஜா கோவில் இருக்கிறது. 1908இல் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்ததும் இங்கேதான். சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோவில். தேரூர் 1876இல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. குளிர்காலத்தில் வரும் பறவைகளைக் குளக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டே பார்க்கலாம்.

ஆனால் இது பலகை நட்டு, கம்பிவேலி கட்டி அமைத்த பாதை அல்ல. ஆற்றங்கரை, சானல்கரை, குளக்கரை, ஊர்த்தெரு, நெடுஞ்சாலை என்று துண்டு துண்டாக வரும் வழி. ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பாளர் வேறு. ஆறு, சானல், குளம் ஆகியவற்றின் கரைகளும் மடைகளும் பெரும்பாலும் நீர்வளத் துறையுடையவை. நகர்த் தெருக்கள் மாநகராட்சியின் பொறுப்பு. சுசீந்திரமும் தேரூரும் பேரூராட்சிகள். கன்னியாகுமரிச் சாலை தேசிய நெடுஞ்சாலை. பறவைகளுக்கு வனத்துறை. விபத்து நடந்தபின் எந்தக் கதவைத் தட்டுவது என்று குடும்பங்கள் திகைப்பது இதனால்தான். கிளம்புமுன்பே இதைத் தெரிந்துவைத்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஆபத்துகளில் முதலாவது தண்ணீர். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல் சாகுபடிக்காகப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரை திறந்திருக்கும். அந்த மாதங்களில் சானல்கள் நிறைந்து ஓடும். பல இடங்களில் கரைக்கும் நீருக்கும் நடுவே தடுப்பில்லை. சிமெண்ட் பூசிய சரிவில் பாசி பிடித்திருந்தால், விழுந்த பிள்ளைக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்காது. நீந்தத் தெரியாதவர் பின்னால் குதித்தால் இரண்டு உயிர் போகும். துண்டு, கயிறு, நீண்ட கம்பு என எதையாவது நீட்டி இழுப்பதே வழி. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் நாகர்கோவில் சுற்றுவட்டாரம் வெள்ளத்தில் தவித்தது. அணையிலிருந்து உபரிநீர் திறப்பதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்த நாளில் கரைப்பக்கமே போகக்கூடாது. மறுகால் பாயும் இடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பதும் வேண்டாம். பிள்ளையின் காலை வாரிவிட அந்த வேகம் போதும்.

நெடுஞ்சாலையைக் கடக்கும் இடம் அடுத்தது. அங்கே எல்லோரும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகக் கடக்க வேண்டும். சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை, வயது வரம்பும் இல்லை. தலைக்கவசக் கட்டாயம் மோட்டார் சைக்கிளுக்குத்தான். சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பிள்ளையின் தலை கெட்டியாகிவிடாது. வாங்கி மாட்டிவிடுவது நல்லது. சைக்கிள்காரருக்குக் கடமையும் உண்டு. பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்தாகக் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, மோட்டார் வாகனத்துக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

வயல்வரப்பை ஒட்டிய வழியில் பாம்பும் நாயும் உண்டு. பாம்பு கடித்தால் கீறுவதோ, இறுகக் கட்டுவதோ, நாட்டு மருந்து தேடி நேரம் கடத்துவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 வண்டியில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாய் கடித்தால், பல் பட்டுக் கீறினாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். முழங்காலில் சிராய்ப்போடு வயல்தண்ணீரில் இறங்கிய பிள்ளைக்குச் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலை முன்கூட்டியே கண்டுபிடிக்க அது உதவும்.

மோட்டார் வாகனம் மோதிக் காயம் பட்டால், தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்ட வரம்புக்குள், இலவசம். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சியாகும்படியோ கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குக் காப்பு. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகவே தர வேண்டும். புகாரை எடுக்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

இழப்பீடு கேட்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். அதே சட்டத்தின் 2019 திருத்தம் இதற்கு 6 மாதக் கெடு வைத்திருப்பதால், ஆறப்போடாமல் மனுச் செய்வதே பாதுகாப்பு. மோதிய வண்டி நிற்காமல் ஓடிப்போய், அடையாளம் தெரியாமல் போனாலும் வழி அடைபட்டுவிடவில்லை: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது.

பலரும் தடுமாறும் இடம் வேறு. எந்த வண்டியும் மோதாமல், குழியிலோ உடைந்த மடைப்பலகையிலோ சைக்கிள் சறுக்கி விழுந்தால் அந்தத் தீர்ப்பாயம் உதவாது. அங்கே மோட்டார் வாகனத்தின் தொடர்பு இருந்தாக வேண்டும். அப்போது கரைக்குப் பொறுப்பான அமைப்பின் கவனக்குறைவைக் காட்டி உரிமையியல் நீதிமன்றத்தையோ, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையையோ அணுக வேண்டியிருக்கும். அந்த வழக்கு நிற்க, அந்த ஆபத்து அமைப்புக்கு முன்பே தெரியும் என்று காட்டும் தாள் பெரிய பலம். ஆகவே பள்ளத்தைப் பார்த்த அன்றே, யாரும் விழுவதற்கு முன்பே, படத்தோடு மனுக் கொடுத்து ரசீது வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. கரை யாருடையது என்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டினால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

புதிதாக வாங்கிய சைக்கிளில் பிரேக்கோ ஃபோர்க்கோ முறிந்தால் அது நுகர்வோர் வழக்கு. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுக் கெடு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லையும் முறிந்த பாகத்தையும் தூக்கிப்போடக் கூடாது.

வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சி ஒதுங்குவோர் அதிகம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. காயம்பட்ட பிள்ளைக்காகத் தாய் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தாலே போதும். தொலைபேசி எண் 15100.