குளிர்நீரில் முதல் முக்குளிப்பு: கரையிலேயே போட வேண்டிய கணக்கு

செஞ்சி வட்டத்தில், தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த மேல்சித்தாமூரைச் சுற்றியுள்ள ஊர்களின் பாசனக் கிணறுகளில் கோடையில் குதித்துக் குளிப்பவர்கள், மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்க, ஆள் உயரத்துக்குக் கீழே போனதும் தண்ணீர் சில்லென்று மாறுவதை நன்கறிவர். வெயிலால் சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலே தங்க, குளிர்ந்த நீர் அடியில் கிடக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே வெப்பநிலை விரைந்து மாறும் மெல்லிய அடுக்கை அறிவியலார் ‘தெர்மோகிளைன்’ என்பர். கிணற்றில் இந்த மாற்றம் சில பாகைகளோடு நின்றுவிடுகிறது. குளிர்நாட்டு ஏரிகளிலோ அது உயிருக்கே உலை வைக்கக்கூடிய அளவுக்குப் பெரியது.

தமிழர்களின் முக்குளிப்பு மரபு முழுவதும் வெதுவெதுப்பான கடலில் வளர்ந்தது. மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சை அடக்கி முத்துச்சிப்பி அள்ளியவர்களும், தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பவர்களும் ஆண்டின் பெரும்பகுதியும் 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரையுள்ள நீரிலேயே தொழில் செய்தனர். 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய ‘அக்வாலங்’ வழியே பரவிய ஸ்கூபா முறையை, அதாவது அழுத்திய காற்றை முதுகுச் சிலிண்டரிலிருந்து சுவாசித்தபடி மூழ்கும் முறையை, இன்று புதுச்சேரியில் கற்பவர்களுக்கும் அதே வெதுவெதுப்பான வங்கக்கடல்தான் வகுப்பறை. அங்குக் கற்றவர் கனடாவில் குடியேறிய உறவினரைக் காணச் சென்று, டொராண்டோவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய டோபர்மோரியில் இறங்க விரும்பினால், அவர் கற்றதில் பாதியை மறுபடியும் கணக்கிட வேண்டியிருக்கும்.

டோபர்மோரி, ஹ்யூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் சந்திக்கும் முனையில் உள்ள சிற்றூர். அதை ஒட்டி 1987இல் நிறுவப்பட்ட ‘ஃபாதம் ஃபைவ்’ தேசியக் கடல் பூங்காவில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல் சிதைவுகள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குப் படகில் செல்ல வேண்டும் என்றாலும், கலங்கரை விளக்கத்தை அடுத்த பிக் டப் துறைமுகக் கரை போன்ற சில இடங்களில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். முக்குளிக்க வருவோர் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். கோடையில் ஏரியின் மேல்நீர் இதமாகவே இருக்கும். ஆனால் நன்னீர் 4 பாகையில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது என்பதால், அந்த வெப்பநிலையிலுள்ள நீர் அடியில் தங்கிவிடுகிறது. ஆகவே ஆகஸ்டு மாதத்திலும் தெர்மோகிளைனைத் தாண்டியவரைச் சூழ்வது 4 பாகையை ஒட்டிய நீரே.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அசையாமல் இருக்கும் மனித உடல் நீரில் தன் வெப்பத்தை இழக்காமலிருக்க அந்த நீர் 33 பாகைக்கு மேல் இருக்க வேண்டும் என்பதால், 28 பாகைக் கடலும் உடலை மெல்லக் குளிர்விக்கவே செய்கிறது. 15 பாகைக்குக் கீழே நிகழ்வது வேறு வகை: தோல் திடீரெனக் குளிர்ந்ததும் மனிதர் தம்மை அறியாமல் ஒரு பெருமூச்சை இழுத்து, பிறகு அடக்க முடியாத வேகத்தில் மூச்சு வாங்குகிறார். ‘குளிர் அதிர்ச்சி’ எனப்படும் இந்த எதிர்வினை முதல் அரை நிமிடத்தில் உச்சமடைந்து, சில நிமிடங்களில் தணிகிறது. புதியவர்கள் உடல் விறைத்துப் போவதையே பெரிதாக அஞ்சுகின்றனர். உண்மையில் அதற்கு வெகு முன்பே, மூச்சு தாறுமாறாவதும் விரல்கள் மரத்துப்போவதுமே அவர்களை ஆபத்தில் தள்ளுகின்றன. தடித்த கையுறை அணிந்த மரத்த விரல்களால் எடைப் பட்டையின் கொக்கியைக் கழற்ற முடிகிறதா என்பதை இடுப்பளவு நீரிலேயே சோதித்துவிட வேண்டும்.

உடையில் இரு வகை உண்டு. ‘வெட்சூட்’ எனும் ஈர உடை, நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் ரப்பரால் ஆனது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும்போது குமிழிகள் பாதியாகச் சுருங்கி, குளிர் மிகுந்த இடத்தில்தான் உடை மெலிந்துபோகிறது. ‘டிரைசூட்’ எனும் உலர் உடை நீரை உள்ளே விடாமல், உள்ளாடைக்குள் தேங்கும் வாயுவால் உடலைக் காக்கிறது. 4 பாகை நீருக்கு இதுவே உகந்தது. எனினும் அதனுள் உள்ள காற்று கால்பக்கம் ஓடிவிட்டால் மனிதர் தலைகீழாக மேலே இழுக்கப்படுவார் என்பதால், தனிப் பயிற்சியின்றி அதை அணிந்து ஏரியில் இறங்குவது தவறு. தடித்த உடை மிதப்பைக் கூட்ட, நன்னீர் அதைக் குறைக்கிறது: உடலும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ உள்ளவர், மூழ்குவதற்காக இதே உடையுடன் கடலில் சுமந்த ஈய எடையில் சுமார் இரண்டரைக் கிலோவை ஏரியில் குறைக்க வேண்டும். எனவே எடையைப் பழைய குறிப்பேட்டிலிருந்து எடுக்காமல், அந்த நீரிலேயே மிதந்து பார்த்து முடிவு செய்வதே முறை.

சிலிண்டரின் உயர் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும் அளவுக்குத் தணித்துத் தரும் கருவி ரெகுலேட்டர். அழுத்தம் தணிந்து காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்வதால், ஏற்கெனவே குளிர்ந்த நீரில் அதன் முதல் நிலையில் பனி உறைந்து, வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளக்கூடும். அப்போது காற்று அடங்காமல் கொட்டிச் சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகிவிடும். ஐரோப்பிய ஈஎன் 250 தரநிலை, குளிர்நீர்ச் சோதனையில் தேறாத ரெகுலேட்டரை 10 பாகைக்குக் குறைந்த நீரில் பயன்படுத்தலாகாது என வரையறுக்கிறது. வெப்பமண்டலக் கடலுக்காக வாங்கிய கருவியைப் பெட்டியில் எடுத்துச் செல்வதைவிட, உள்ளூரில் குளிர்நீர்க் கருவியை வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை.

இனிக் காற்றின் கணக்கு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்று உண்டு. 25 பாகை வெயிலில் 200 காட்டிய மானி, 6 பாகை நீரில் சிலிண்டர் குளிர்ந்ததும், ஒரு மூச்சுகூட எடுக்காமலே சுமார் 187க்கு இறங்கிவிடும்; காற்று எங்கும் கசியவில்லை, குளிர்ந்த வாயுவின் அழுத்தம் குறைந்தது, அவ்வளவே. அடுத்து, திரும்பி மேலேறுவதற்கான இருப்பு. 15 மீட்டர் ஆழத்தில் ஒருவரின் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே சிலிண்டரில் சுவாசிக்க நேர்ந்தால், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் எனக் கொண்டு, அடியில் ஒரு நிமிடம், மேலேற இரண்டு நிமிடம், 5 மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தம் மூன்று நிமிடம் எனக் கூட்டினால் 630 லிட்டர், அதாவது 53 பார் ஆகிறது. அதை 60 எனக் கொள்வது நலம். எஞ்சிய 127இல் பாதி போவதற்கு, பாதி வருவதற்கு. ஆகவே மானி 125ஐத் தொட்டதும், எதிரே எவ்வளவு அழகிய சிதைவு தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். குளிரில் நிமிடத்துக்கு 25 லிட்டர் செலவிடுபவருக்கு, 12 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.2 மடங்கு என்பதால் 55 லிட்டர் செலவாகும். எனவே அவர் போவதற்குக் கிடைப்பது சுமார் 13 நிமிடமே. இதைவிட ஆழம் குறைந்த முதல் முக்குளிப்புக்கு இது தாராளம்.

படகிலிருந்து இறங்குபவரை அப்படகு தேடி வரும். கரையிலிருந்து இறங்குபவர் தாமே திரும்பி வர வேண்டும். அதனால் வழுக்கும் பாறையில் இறங்குமிடம், ஏறுமிடம், அலை எழுந்தால் ஏற மாற்று இடம் ஆகியவற்றை நடந்து பார்த்து, திசைகாட்டியில் கோணத்தைக் குறித்துக்கொண்டு, கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டே இறங்குவர். துணைவரைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் மட்டும் சுற்றும்முற்றும் தேடி, பிறகு இருவரும் மேலே வந்து சந்திப்பது என்ற உடன்பாடும் முன்பே வேண்டும். ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து உடலில் கரைந்த நைட்ரஜன், உடல் குளிர்ந்திருந்தால் மெதுவாகவே வெளியேறுவதால், டைவ் கம்ப்யூட்டர் அனுமதிக்கும் நேரத்தின் விளிம்புவரை போகாமல், இருவரில் ஒருவருக்கு நடுக்கம் தொடங்கியதுமே முடித்துக்கொள்ள வேண்டும். ஏறியதும் ஈரத்தைக் களைந்து, உலர்ந்த ஆடை உடுத்தி, தலையை மூடி, சூடாகக் குடிப்பது நல்லது; கொதிக்கும் நீரில் உடனே குளிப்பது கூடாது.

தென்கடலில் எத்தனை முறை மூழ்கியவராயினும், குளிர்நீரில் முதல் முறை உள்ளூர்ப் பயிற்றுநருடன் 10 மீட்டருக்குள், தெர்மோகிளைனுக்கு மேலேயே தொடங்க வேண்டும். முகத்தை நீரில் வைத்துச் சில நிமிடங்கள் ஆகியும் மூச்சு சீராகாதவர், காரணம் எதுவும் சொல்லாமல் கரையேறிவிடலாம். அவரைத் தடுக்கத் துணைவருக்கும் உரிமையில்லை, பயிற்றுநருக்கும் உரிமையில்லை.